ஒரு நேரத்தில் ஒன்றுதான்

மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்கு ராத்தாவோடு ஒருமுறை போய் மாட்டிக்கொண்டேன். இடது காலில் ஒரு சோடியின் செருப்பையும் வலது காலில் இன்னொரு சோடியின் செருப்பையும் போட்டுக்கொண்டு கடையை மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டும் ஒரே அளவு, ஒரே அடி. வார் மட்டும் வேற" என்றார் ராத்தா. "இப்ப கடிச்சா வாராலதான் கடிக்குதுன்னு தெரியும்."

"உங்க ரெண்டு காலும் ஒண்ணா மிஸ்?" என்று கேட்டார் கடைக்காரர்.

ராத்தா நின்று யோசித்தார். பிறகு செருப்புகளைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து நடக்கத் தொடங்கினார். நான் வெளியே போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஆனாலும் வேலை செய்த இடத்தில், முதலாளியைத் தவிர, எல்லாருக்கும் அவர் ராத்தாதான். எதை மாற்றுவதென்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். கறியில் சுவை குறைந்தால் உப்பு மட்டும் போட்டு, கலக்கி, ருசி பார்த்து, பிறகுதான் புளியைத் தொடுவார். அவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. நாம் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டினால், "ஒண்ணு ஒண்ணா சொல்லு புள்ள, எதுக்குக் கோவம்னு எனக்குத் தெரியணும்" என்பார். அதற்குள் நமக்கு ஆறிப்போய்விடும்.

கொழும்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தபோது, தரகரிடமே கேட்டாராம். "மாப்பிள்ள புதுசு, வீடு புதுசு, ஊரும் புதுசு. நான் அங்க போய் அழுதா எதால அழுறேன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" தரகர் தேநீரைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார் என்று ராத்தாவே சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டில் வேறு யாரும் அதற்குச் சிரித்ததில்லை.

நாங்கள் வேலை செய்தது உக்குவளையில், ரயில் பாதைக்கு மேலே இருந்த ஒரு பழைய மாடி வீட்டில். வீடு கண்டியில் இருந்த முதலாளியுடையது. நாங்கள் அவரைச் சேர் என்போம். மேல்மாடியில் ஒரு சிறிய ஆய்வுகூடம் வைத்து, கடலில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவை வளர்த்தோம். பாக்டீரியா என்றாலும் அது செடியைப் போல வெளிச்சத்தைச் சாப்பிட்டு வாழ்கிற சாதி. ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. கோடிக்கணக்கில் பெருகினால் போத்தல் தண்ணீர் முழுவதும் நீலப் பச்சையாக மாறும். மேற்குக் கரையில் இறால் குஞ்சு பொரிக்கிற ஒரு பண்ணை, குஞ்சுகளின் தீனிக்கு அதை எங்களிடம் வாங்கியது. கடலே இல்லாத மாத்தளையில் கடல் கிருமி வளர்க்கிறீர்களா என்று கேட்காதவர் இல்லை. திருகோணமலையிலிருந்து லொறியில் பிளாஸ்டிக் கான் கானாகக் கடல் தண்ணீர் வரும். இறக்கும்போது லொறிக்காரரும் அதையே கேட்பார்.

அந்தச் சீவனுக்கு எல்லாம் அளவாக இருக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் வெளுக்கும், குறைந்தால் வளராது. தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் சோர்ந்துபோகும், சத்து தீர்ந்தால் மஞ்சளிக்கும். சூடு கூடினாலும் கோபம், குளிர் கூடினாலும் கோபம். ஓயாமல் காற்று ஊதிக் கலக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். ராத்தா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டார். நான் கண்ணாடிப் போத்தல்கள் கழுவினேன், கடல் தண்ணீர் வடித்தேன், ராத்தா சொல்கிற கணக்கில் சத்து கலந்தேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கொழுந்துக் கூடையைத் தொடாமல் வேலைக்குப் போன முதல் பெண் நான். என் அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

தைப் பொங்கல் முடிந்த கையோடு பெரிய போத்தல்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் பச்சை மங்கியது. பிறகு பழைய சாயத் துணியைப் போல மஞ்சள் ஏறியது. புதிதாக வளர்த்தவையும் அப்படியே ஆயின. அறையின் மூலையில், பஞ்சு அடைத்த சிறிய தாய்ப் போத்தல்கள் மட்டும் பச்சையாக இருந்தன. அவற்றிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக விதைப்போம். அவற்றுக்கு வெளிச்சமும் குறைவு, காற்று ஊதுவதும் இல்லை. நல்ல நிலையில் இருந்தவை இரண்டே இரண்டு. அவையும் போனால் எங்களிடம் ஒன்றும் இல்லை.

பண்ணை லொறி அடுத்து வரும்போது சரக்கு இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று பண்ணையிலிருந்து சொல்லிவிட்டார்கள். அன்று கண்டியிலிருந்து வந்த சேர் போத்தல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லயத்துல சட்டி கழுவுற மாதிரி இங்கயும் கழுவினா இப்பிடித்தான் வரும். சவர்க்காரம் மிச்சம் நிக்குது" என்றார். "நீ நாளைல இருந்து வரவேணாம்."

ஒவ்வொரு போத்தலையும் அமிலத்தில் ஊற வைத்து, வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி வைப்பவள் நான். என் கை வெடிப்பைப் பார்த்தாலே தெரியும்.

சேர் ராத்தாவிடம் திரும்பினார். "லைட்டக் குறைங்க. கடல் தண்ணிய முழுசா மாத்துங்க. இவளுக்குப் பதிலா வேற ஆளப் போடுவோம். எல்லாத்தையும் இன்னைக்கே செய்ங்க. பச்ச வந்தாப் போதும் எனக்கு."

"செய்யமாட்டேன் சேர்" என்றார் ராத்தா.

சேரிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"மூணையும் ஒண்ணாச் செஞ்சு பச்ச வந்தா, எதால வந்ததுன்னு சொல்லுவீங்க? இவளப் போகச் சொன்னதாலன்னுதான் சொல்லுவீங்க. லைட்டுக்கு மானம் இல்ல சேர், தண்ணிக்கும் இல்ல. இவளுக்கு சாகும்வரைக்கும் அந்தப் பேரு ஈக்கும்."

அவர்கள் பேச்சில் இருக்கும் என்பது ஈக்கும் என்றுதான் வரும். மற்ற நாட்களில் அதை வைத்து ராத்தாவைக் கேலி செய்வேன். அன்று அந்தச் சொல் எனக்குத் தேனாக இனித்தது. இவர் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

"அப்ப, இவ சரியாத்தான் கழுவுறாளா?" என்று கேட்டார் சேர்.

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

"தெரியாது" என்றார். "அதையும் பாக்கணும்."

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் குறைத்துச் சொல்ல முடியாது. சேர் திட்டியது கூட அப்படி வலிக்கவில்லை. தினமும் என் சோற்றுப் பார்சலில் கை போட்டு மாசிச் சம்பல் எடுத்துத் தின்னும் மனுஷி, என்னையும் உப்போடும் விளக்கோடும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

சேர் கொஞ்சம் இறங்கி வந்தார். லொறி வரும் வரைக்கும் ராத்தாவுக்குத் தவணை. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் என்னை அனுப்பிவிட்டு இடத்தையும் மூடுவதாகச் சொன்னார்.

முதலில் விளக்கு. விளக்குகளுக்கு முன்னால் கறுப்பு வலை கட்டி வெளிச்சத்தைக் குறைத்தார். வேறு எதையும் தொட விடவில்லை. ஒரு மாற்றத்துக்கு அந்தச் சீவன் பதில் சொல்ல சில நாள் எடுக்கும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. போத்தல்கள் வெளுத்துக்கொண்டே போயின. வலையைக் கழற்றி வெளிச்சத்தைப் பழையபடி வைத்துவிட்டு, கடல் தண்ணீரை மாற்றினார். உப்பை அளந்து அளந்து பார்த்தார். அதற்கும் பலனில்லை. லொறி வரும் நாள் நெருங்கியது. சேர் காலையிலும் மாலையிலும் போன் எடுத்துக் கத்தினார். ராத்தா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு என் முறை வந்தது.

"நாளைலேருந்து நீ வீட்ல இரு. நான் கழுவுறேன்" என்றார் ராத்தா. "அதே சவர்க்காரம், அதே தண்ணி. கை மட்டும் வேற."

"என்னயச் சந்தேகப்படுறீங்க."

"சந்தேகப்படல. தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"இல்ல புள்ள" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்க மனமில்லை. ரத்தோட்டை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டில் லீவு என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

லயத்தில் இருந்த அந்த நாட்களில் எனக்கு நேரமே போகவில்லை. நான் இல்லாத நேரத்தில் போத்தல் பச்சையாகிவிட்டால்? எத்தனை தடவை அலசினேன் என்று சத்தியம் செய்தாலும் யார் கேட்பார்கள்? எனக்கே சந்தேகம் வரத் தொடங்கிவிட்டது.

கடைசியில் ராத்தா போன் எடுத்தார். "வா. இன்னும் மோசமாத்தான் வெளுத்துப்போச்சி."

எல்லாருடைய வேலையும் போகப்போகிறது என்ற செய்தி அது. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் உக்குவளை வீட்டின் படியில் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது கராம்பு மணம். அது கராம்புக் காலம். மாத்தளையில் இருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் மூக்கே மரத்துப்போகும். முற்றத்திலும் கூரையிலும் தார் ரோட்டு ஓரத்திலும் காய வைத்திருப்பார்கள். தினமும் வந்து போன வரைக்கும் எனக்கும் அது மணக்கவில்லை. சில நாள் தேயிலை வாசத்தில் இருந்துவிட்டு வந்ததால் தலை சுற்றுகிற அளவுக்கு அடித்தது.

ராத்தாவோடு நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "என்னங்க இது, மேல வரைக்கும் இப்பிடிக் கராம்பு மணக்குது?"

"எனக்கு ஒண்ணும் மணக்கலியே" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு மூலைக்குப் போய் பஞ்சு அடைத்த தாய்ப் போத்தல்களைப் பார்த்தார். "வெளிச்சத்தப் பாத்தாச்சி" என்றார் தனக்குத் தானே. "இதுகளுக்கு இல்லாதது இன்னும் ஒண்ணுதான். காத்து."

காற்றுக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே படியிறங்கினார். நான் பின்னால் போனேன். காற்று ஊதும் மோட்டார் சத்தம் போடும் என்பதால் அதைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தோம். அதற்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார். கூரை முட்டக் கராம்புச் சாக்குகள். அந்தக் காற்றைத்தான் மோட்டார் இழுத்து மேலே ஊதிக்கொண்டிருந்தது. குழாயில் இருந்த வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும். மணத்தைப் பிடிக்காது. பல்வலிக்கு வைக்கிற கராம்பெண்ணெய் கிருமியையும் கொல்லும்.

சாக்குகள் ராத்தாவின் அண்ணனுடையவை; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். அவர்கள் குடும்பமே பரம்பரையாகக் கராம்பு, மிளகு வியாபாரம். நானாவுக்குச் சாமான் வைக்க இடமில்லை என்று சேரிடம் கேட்டு, பொங்கலுக்கு முந்திய வாரம் அந்த அறையை எடுத்துக் கொடுத்ததும் ராத்தாதான்.

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நானாகிட்டச் சொல்லி சாக்க எடுத்துட்டாப் போதுங்க ராத்தா. சேருக்குச் சொல்லத் தேவல" என்றேன்.

"எடுத்து, பச்ச வந்தா? நீ திரும்பி வந்ததும் இன்னைக்குத்தான். அத வச்சி சேர் வேற ஏதாவது கத கட்டுவார். உன் பேரு இன்னும் சுத்தமாகல புள்ள."

சேரையும் நானாவையும் அன்றே வரச் சொன்னார். நானா விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"கராம்பு மணத்துக்குச் செத்துப்போற சீவனா? நாங்க பொறந்ததே கராம்புக்கு மேல. நாங்க செத்தா போய்ட்டோம்?"

"அதத்தான் பாக்கப்போறேன் நானா."

இரண்டு தாய்ப் போத்தல்களில் ஒன்றை எடுத்தார். சேர் பதறிப்போனார். "மிச்சம் ஈக்கிறதே ரெண்டு!" என்று ராத்தாவின் பேச்சிலேயே கத்தினார், தன்னை அறியாமல். ராத்தா கேட்கவில்லை. அதை இரண்டு புதுப் போத்தல்களில் சரிபாதியாக விதைத்தார். இரண்டையும் கழுவியது நான். சேருக்கு முன்னாலேயே கழுவச் சொன்னார். ஒரே தண்ணீர், ஒரே விளக்கு, ஒரே கடையில் வாங்கிய மோட்டார். ஒன்றுக்குச் சாக்கு அறையின் காற்று. மற்றதுக்கு வயல் பக்கத்துப் பல்கனியின் காற்று.

அந்த நாட்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சேர் கண்டிக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். நானா காலையில் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார், தங்கையோடு பேசமாட்டார். முதல் இரண்டு நாளும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது காலையில் நானாதான் முதலில் கண்டார். ஒன்று மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. மற்றது அரிசி கழுவின தண்ணீரைப் போல இருந்தது. குழாய் எங்கே போகிறதென்று நானா தானே கையால் பிடித்துப் பார்த்தார். அது கீழே, அவருடைய சாக்கு அறைக்குப் போனது.

"எனக்கிட்டத் தனியா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே" என்றார். "சேருக்கு முன்னால வச்சி ஏன் என்ன இப்பிடிச் செஞ்ச?"

"சேருக்கு முன்னால வச்சித்தான் நானா இவளக் குத்தம் சொன்னாங்க."

அன்று மழை. நானா தார்ப்பாய் பிடித்து, நனைய நனையச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போனார். ராத்தா ஒரு நுனியைப் பிடிக்கப் போனபோது தார்ப்பாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேர் என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு நேரத்தோடு வா என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பண்ணை லொறிக்குப் பாதிச் சரக்குத்தான் கொடுக்க முடிந்தது. பண்ணைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் எல்லாப் போத்தலும் பச்சை பிடித்து, ஒரே நிறத்தில் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ராத்தா சேரிடம் போய் நின்றார். "சாக்கு போயாச்சி. ஆனா நான் இன்னும் அந்த வீட்டுலேருந்துதான் வாறேன். உடுப்பு, முக்காடு எல்லாத்திலயும் கராம்பு. எனக்கு மணக்கிறதில்ல. இவள அனுப்பிப் பாத்த மாதிரி என்னயும் அனுப்பிப் பாக்கணும்."

"அதெல்லாம் தேவல மிஸ்" என்றார் சேர்.

"நான் இல்லாம இன்னும் பச்ச கூடினா நான் வரமாட்டேன். வேற ஆளத் தேடுங்க."

சொன்னபடி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசாத வீடு அது. அங்கே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்தா வெளிர் மஞ்சளிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் கட்டமாகச் சாயம் தீட்டிய ஓர் அட்டை எங்களிடம் இருந்தது. அவர் போன அன்று போத்தலின் நிறம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று இரண்டு பேரும் பார்த்து வைத்திருந்தோம். தினமும் காலையில் போத்தலை அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதே கட்டம்தான் என்று தோன்றும். சிலநேரம் ஒரு பொட்டு கூடின மாதிரியும் தோன்றும். அப்போது ஜன்னலுக்குப் போவேன், திரும்ப வருவேன், கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பேன்.

கடைசி நாள் அவர் போன் எடுத்தார்.

"எப்பிடி?"

"மாறலங்க ராத்தா. அப்பிடியே இருக்கு."

"நீ ஆசப்பட்டு சொல்றியா, பாத்து சொல்றியா?"

பார்த்துத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அவர் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையில், சிவப்புப் போத்தலைக் காட்டினாலும் அதே கட்டம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"தெரியாதுங்க ராத்தா" என்றேன்.

"நல்லது" என்றார் மெதுவாக. "அப்ப வேற யாரயாவது பாக்கச் சொல்லு. நான் லைன்ல ஈக்கேன்."

கீழே லொறிக்காரர் கடல் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். போத்தலையும் அட்டையையும் நீட்டி, இது எந்த நிறம் அண்ணே என்று மட்டும் கேட்டேன். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்தார், தலையைச் சாய்த்தார், அட்டையில் விரலை ஓட்டினார். ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது விரல். எங்கள் கட்டம்.

சொன்னேன்.

"அவருக்கு முதல்லயே நீ ஏதும் சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லலங்க."

"அப்ப நாளைக்கு வாறேன்" என்றார். சட்டென்று போனை வைத்துவிட்டார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். லொறிக்காரர் இன்னும் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தபடியே நின்றிருந்தார். எடுக்கலாமா தங்கச்சி என்று கேட்டார்.